பத்துக்குப் பத்து வீட்டில் கீரை

மாட்டுங்கா லேபர் கேம்பில் வீடு என்றால் பெரும்பாலும் ஒரே அறைதான். பத்தடிக்குப் பத்தடி. அதற்குள்ளே அடுப்பு. அதற்குள்ளே மோரி. இரவானால் பாய் விரிப்பதும் அங்கேதான். வாசலைத் தாண்டினால் சந்து. சந்தைத் தாண்டினால் எதிர் வீட்டு வாசல். இங்கே கீரை வளர்க்கலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

"கால் வைக்கவே இடம் இல்லை. கீரை வைக்க இடமா?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் கீரைக்கு வயல் வேண்டாம். ஒரு சாண் ஆழம் மண் போதும். ஓட்டை விழுந்த ஒரு பழைய டப் போதும். வெயில் எட்டிப் பார்க்கும் ஒரு ஜன்னல் போதும்.

லேபர் கேம்பில் உள்ள தமிழர்களில் நிறையப் பேருக்குத் திருநெல்வேலிப் பக்கம்தான் சொந்த ஊர். ஊரில் கொல்லையில் முருங்கை நிற்கும். வரப்பில் கீரை கிடக்கும். பறித்து வந்து குழம்பு வைப்பார்கள். யாரும் காசு கேட்க மாட்டார்கள். இங்கே ஒவ்வொரு கட்டுக்கும் காசு. விலை ஏறினால் முதலில் விட்டுப் போவது கீரைதான். அரிசியை யாரும் விட மாட்டார்கள்.

கீரையை விட்டால் என்ன ஆகும்? கீரையில் இரும்புச் சத்து உண்டு. ரத்தம் ஊற இரும்புச் சத்து வேண்டும். கண்ணுக்குத் தேவையான சத்தும் கீரையில் உண்டு. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று அதில் தெரிந்தது. ஒருவர் தினமும் சுமார் 100 கிராம் கீரை சாப்பிட வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் அவ்வளவு சாப்பிடுகிறோம்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜன்னலில் வைக்கும் ஒரு தொட்டி குடும்பத்துக்கே காய்கறி தராது. கடைக்குப் போகத்தான் வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் ஆஸ்பத்திரியில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் வாரம் ஒரு நாள் கீரை கிடைக்கும். ரசத்துக்கு மல்லித்தழை கிடைக்கும். அதுவும் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று நமக்கே தெரிந்த கீரை.

மண் எங்கே எடுப்பது?

சந்தில் எடுக்கவே கூடாது. லேபர் கேம்பில் கீரை வளர்க்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

தாராவி முன்பு சதுப்பு நிலமாக இருந்தது. மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சேறு அது. அதன்மேல் குப்பையும் கழிவும் கொட்டிக் கொட்டித்தான் தரை உண்டாயிற்று. பிறகு தோல் பதனிடும் கூடங்கள் வந்தன. உலோகம் உருக்கும் பட்டறைகள் வந்தன. பழைய பிளாஸ்டிக்கை உடைக்கும் பட்டறைகள் வந்தன. இவற்றின் கழிவும் அந்த மண்ணில் இறங்கியது. ஈயம் போன்ற நஞ்சு மண்ணில் கலந்தால் மக்கிப் போகாது. அப்படியே கிடக்கும். செடியின் வேர் அதை உறிஞ்சிக்கொள்ளும். இலைக்குள் போன ஈயம் கழுவினால் போகாது. வேக வைத்தாலும் போகாது. ஈயம் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குழந்தைக்கு நல்லது என்று நினைத்துக் கொடுக்கும் கீரையே கெடுதல் செய்யலாமா?

சாக்கடைத் தண்ணீரும் அப்படித்தான். மும்பையில் ரயில் பாதை ஓரம் பாலக்கும் வெண்டையும் பச்சைப் பசேலென்று நிற்பதைப் பலர் ரயிலிலிருந்து பார்த்திருப்பார்கள். சும்மா கிடக்கும் ரயில்வே நிலத்தில் உணவு விளைவிக்க ஒரு திட்டம் இருந்தது. ரயில்வே ஊழியர்கள் அதில் பயிரிட்டார்கள். திட்டம் நல்லதுதான். ஆனால் சில இடங்களில் சாக்கடைத் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள் என்று பல முறை புகார் எழுந்தது. பச்சையாக இருப்பதெல்லாம் சுத்தம் ஆகாது.

அப்படியானால் நல்ல மண்ணுக்கு எங்கே போவது? நாமே செய்துகொள்ளலாம். அதை மும்பையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

பாந்திராவில் டாக்டர் ஆர்.டி. தோஷி என்பவர் இருந்தார். அவர் தம் வீட்டு மொட்டை மாடியில் பல ஆண்டுகள் காய்கறியும் பழமும் வளர்த்தார். அவர் அதிகம் நம்பியது மண்ணை அல்ல, கரும்புச் சக்கையை. சக்கையையும் சமையல் கழிவையும் பைகளிலும் டிரம்களிலும் நிரப்பி மக்க வைத்தார். கொஞ்சம் மண் சேர்த்தார். அதிலேயே செடி நட்டார்.

மும்பைத் துறைமுகத்தில் ஊழியர்களுக்குச் சமைக்கும் பெரிய சமையலறை உண்டு. அங்கே தினமும் சுமார் 3,000 பேருக்குச் சமையல் நடந்தது. எவ்வளவு தோல், எவ்வளவு காம்பு சேரும் என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவும் குப்பைக்குப் போனது. 2002ஆம் ஆண்டு வாக்கில் அங்கே உணவு அதிகாரியாக இருந்த பிரீத்தி பாட்டில் அந்தக் கழிவை மொட்டை மாடிக்கு ஏற்றினார். கூட வேலை செய்தவர்கள் உதவினார்கள். கழிவு மண்ணாயிற்று. வெறும் சிமெண்ட் மாடி தோட்டம் ஆயிற்று.

வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. கியூபா ஒரு சின்னத் தீவு நாடு. 1991இல் சோவியத் நாடு சிதறியது. அங்கிருந்து கியூபாவுக்கு வந்த எண்ணெயும் உரமும் நின்றுபோயின. மக்கள் சாப்பாட்டுக்குத் திண்டாடினார்கள். அப்போது ஹவானா நகர மக்கள் காலி மனைகளிலும் மாடிகளிலும் காய்கறி போட்டார்கள். அவர்கள் ஆசைக்குச் செய்யவில்லை. பசிக்குச் செய்தார்கள்.

சக்கையை மண்ணாக்கும் வழி

மூடி உள்ள ஒரு பழைய பக்கெட் எடுங்கள். அடியிலும் பக்கத்திலும் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போடுங்கள். காற்று போக வேண்டும். கரும்புச் சாறு பிழியும் கடையில் சக்கை கேளுங்கள். எப்படியும் தூக்கிப் போடத்தான் போகிறார்கள். அதைச் சின்னச் சின்னதாக நறுக்கி வெயிலில் காய வையுங்கள். இளநீர்க் கடையில் கிடக்கும் மட்டையின் நாரும் உதவும்.

பக்கெட்டின் அடியில் நான்கு விரல் உயரம் காய்ந்த சக்கை போடுங்கள். அதன்மேல் அன்றன்று சேரும் காய்கறித் தோல், கீரைக் காம்பு, வாழைப்பழத் தோல், டீத்தூள். டீத்தூளில் சர்க்கரை இருந்தால் அலசிவிடுங்கள். எறும்பு வராது. ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு கைப்பிடி காய்ந்த சக்கை தூவி மூடுங்கள். வாரம் ஒரு முறை குச்சியால் கிளறுங்கள்.

சோறு போடக் கூடாது. மீன் கழிவு போடக் கூடாது. எலும்பு போடக் கூடாது. போட்டால் எலி வரும். லேபர் கேம்பில் இருக்கிற எலி போதும்.

நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் காய்ந்த சக்கை போட்டுக் கிளறினால் நாற்றம் அடங்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒரு சொட்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர் வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் கறுத்துவிடும். மழை பெய்த மண் போல வாசம் வரும். தோலும் காம்பும் அடையாளம் தெரியாது. அப்போது எரு தயார்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். முதல் தடவை மட்டும் நர்சரியில் ஒரு சின்னப் பை மண்ணும் ஒரு சின்னப் பை எருவும் வாங்கலாம். ஒரு பங்கு மண், ஒரு பங்கு எரு, ஒரு பங்கு தேங்காய் நார்த் தூள். மூன்றையும் கலந்தால் லேசாக இருக்கும். நார்த் தூளை முதலில் தண்ணீரில் ஊற வைத்து அலசுங்கள். அதில் உப்பு இருக்கும்.

எதில் வளர்ப்பது, எங்கே வைப்பது?

தாராவியில் டப்பாவுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எந்த டப்பாவும் ஆகாது. பெயிண்ட் இருந்த டின் வேண்டாம். கெமிக்கல் இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். பழைய சாமான் கடையில் அது கழுவிப் பளபளவென்று இருக்கும். உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய் டின், அரிசிச் சாக்கு, உடைந்த குடம், பழைய பக்கெட் நல்லவை. காசு இருந்தால் கும்பார்வாடாவுக்கு நடந்து போகலாம். அங்கே மண் தொட்டி செய்கிறார்கள். மண் தொட்டியில் வேர் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் கனம் அதிகம்.

எதுவானாலும் அடியில் ஓட்டை வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

கூரையில் வைக்கும் ஆசை பலருக்கு வரும். மேலே நல்ல வெயில் இருக்கிறதே! ஆனால் அது தகரக் கூரையா, சிமெண்ட் ஷீட்டா என்று பாருங்கள். 15 லிட்டர் டின்னில் ஈர மண் நிரப்பினால் 20 கிலோ வரும். நான்கு டின் என்றால் 80 கிலோ. ஷீட் உடைந்தால் கீழே படுத்திருப்பது நம் பிள்ளைகள். வெறும் கூரை மேல் கனம் ஏற்ற வேண்டாம். ஜன்னல் கம்பியிலும் மாடிக்குப் போகும் இரும்பு ஏணியின் ஓரத்திலும் சின்னத் தொட்டிகளை வைக்கலாம். கம்பி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். சந்தில் தலைக்கு மேல் தொங்கும் எதையும் இரண்டு முறை கட்டுங்கள்.

இன்னொன்று. தொட்டிக்குக் கீழே ஒரு தட்டு வையுங்கள். செடிக்கு ஊற்றிய தண்ணீர் கீழ் வீட்டுக்காரர் காயப் போட்ட சட்டையில் சொட்டினால் தோட்டம் அன்றோடு முடிந்தது.

வெயில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு நாள் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கு ஒரு முறை அந்த இடத்தைப் பாருங்கள். வெயில் விழுந்தால் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். மூன்று நான்கு கோடு இருந்தால் வெந்தயக்கீரை, புதினா, கற்பூரவல்லி வரும். ஆறு கோடு இருந்தால் மிளகாயும் தக்காளியும் போடலாம். கோடே இல்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சந்துகளில் பல வீடுகளுக்கு வெயிலே கிடையாது. அப்படிப்பட்டவர்கள் மாடி வீட்டுக்காரரோடு சேர்ந்து வளர்க்கலாம். எரு இவர்களுடையது, வெயில் அவர்களுடையது. கீரை பாதிப் பாதி.

வெந்தயத்தில் தொடங்குங்கள்

முதல் தடவை தக்காளி போட வேண்டாம். நாள் ஆகும். பூச்சி வரும். மனம் விட்டுப் போகும். வெந்தயம் போடுங்கள். விதை அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது.

மும்பை மார்க்கெட்டில் 'சமுத்திர மேத்தி' என்று சின்னச் சின்னக் கட்டு விற்பார்கள். வேரோடு இருக்கும். பிஞ்சு வெந்தயக்கீரைதான் அது. கடற்கரைப் பக்கத்து மணலில் நெருக்கமாக விதைத்து, பிஞ்சாகவே பிடுங்கி விடுவார்கள். மணலிலேயே வருகிற கீரை நம் தொட்டியில் வராதா?

ஒரு கைப்பிடி வெந்தயத்தை இரவில் ஊற வையுங்கள். காலையில் தொட்டி மண்ணை நனைத்து, விதையை நெருக்கமாகத் தூவுங்கள். அரை விரல் கனத்துக்கு எரு தூவி மூடுங்கள். தண்ணீரைக் கொட்டாதீர்கள். கையால் தெளியுங்கள். மூன்று நாளில் முளை தெரியும். பிஞ்சாக வேண்டும் என்றால் இரண்டு வாரத்தில் பிடுங்கலாம். கொஞ்சம் வளர்ந்த கீரை வேண்டும் என்றால் மூன்று நான்கு வாரம் விடலாம்.

ஒரு தொட்டிக் கீரை ஒரு நாள் சமையலோடு தீரும். அதற்காக மூன்று தொட்டி வையுங்கள். மூன்றிலும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று, அதற்கு அடுத்த வாரம் ஒன்று. அப்போது வாரா வாரம் ஒரு தொட்டி பறிக்கலாம்.

கொத்தமல்லிக்கு ஒரு சூட்சுமம் உண்டு. முழு மல்லியை அப்படியே போட்டால் சீக்கிரம் முளைக்காது. செருப்பால் லேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். அதை ஒரு இரவு ஊற வைத்து விதைக்க வேண்டும். முளைக்கப் பத்து நாள் ஆகும். சில சமயம் பதினைந்து நாளும் ஆகும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். மல்லிக்கு மும்பையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

புதினாவுக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டாக நான்கு எடுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்டைத் தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். பிறகு தொட்டியில் நடலாம். பறிக்கப் பறிக்க வரும்.

தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சின்னது. மணலோடு கலந்து தூவினால்தான் பரவலாக விழும். 25 நாள், 30 நாளில் பறிக்கலாம். வேரோடு பிடுங்காமல் மேலே கிள்ளினால் மறுபடியும் துளிர்க்கும். கறிவேப்பிலை மெதுவாகத்தான் வளரும். ஒரு வருடம் அதைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும்.

கற்பூரவல்லி ஒரு குச்சி நட்டால் போதும். பக்கத்து வீட்டு மராத்தி அம்மா இதை ஓவா இலை என்பார். கடலை மாவில் தோய்த்துப் பஜ்ஜி போடுவார். நம் வீடுகளில் சளிக்குக் கஷாயம் வைப்பார்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கஷாயத்தை நம்பி உட்காரக் கூடாது. அது காசநோயாக இருக்கலாம். தாராவியிலேயே சோட்டா சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே போய்ச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர், மழை, கொசு, பூச்சி

குழாயில் தண்ணீர் வருவதே சில மணி நேரம். அதில் செடிக்கும் பங்கா என்று கோபம் வரும். அரிசி களைந்த தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர், காய் அலசிய தண்ணீர் செடிக்குப் போதும். மோரியில் போகிற சோப்புத் தண்ணீர் வேண்டாம். உப்புப் போட்டு வேக வைத்த தண்ணீரும் வேண்டாம். விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் நுழைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அன்று ஊற்ற வேண்டியதில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் செடி காய்ந்து சாகாது. அழுகித்தான் சாகும். அந்த மாதங்களில் தொட்டியைச் சாரல் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். மல்லி அப்போது வேண்டாம்.

தொட்டிக்குக் கீழே வைத்த தட்டை மறந்துவிடாதீர்கள். டெங்கு கொசு சாக்கடையில் முட்டை இடுவதில்லை. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் இரண்டு முறை தட்டைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். வேர் விட வைத்த புதினா டம்ளரும் கணக்கில் சேரும். இதைச் செய்ய முடியாதவர்கள் தொட்டியே வைக்காமல் இருப்பது நல்லது. ஒரு வீட்டுத் தட்டில் பிறக்கும் கொசு சந்து முழுவதையும் கடிக்கும்.

இலைக்குக் கீழே வெள்ளையாக மாவு போலப் பூச்சி ஒட்டினால் ஈரத் துணியால் துடைத்து விடுங்கள். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். கடை மருந்து வீட்டுக்குள் வேண்டாம். பூச்சி மருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரம் போட்டு அதில் பாதிக்கு வண்ணம் கொடுத்திருப்பார்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். பிறகு நீலம். பச்சை என்றால் விஷம் குறைவு, ஆனால் விஷம்தான். படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டாருக்கும் இதைச் சொல்லுங்கள்.

விதைப் பாக்கெட்டையும் படித்துப் பாருங்கள். எந்தத் தேதிக்குள் விதைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். தேதி தாண்டிய விதையைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் மருந்து தடவியது. கை கழுவ வேண்டும். குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

இரண்டாம் தடவை தண்டுக்கீரை விதையை வாங்க வேண்டியதில்லை. ஒரு செடியை மட்டும் பறிக்காமல் விடுங்கள். அது பூத்துக் காய்ந்து நிற்கும். பழுப்பு நிறம் ஆனதும் ஒடித்து, பேப்பர் மேல் உதறினால் கறுப்பு விதை கொட்டும். ஒரு செடியிலேயே பல தொட்டிக்கு ஆகும். நிழலில் காய வைத்துப் பேப்பரில் மடியுங்கள். மேலே கீரையின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். பெயர் எழுதாவிட்டால் அரைக்கீரை எது, தண்டுக்கீரை எது என்று பிறகு தெரியாது. இரண்டு விதையும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்.